கடலூரில் நண்பன் வீடு, கடற்கரையில் ஒரே ஒரு நாள்: கிருஷ்ணகிரிக்காரர்கள் எங்கே போகலாம்?

நெடுங்கல் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பர்கூர் பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த எங்கள் கூட்டம் ரொம்ப வருஷம் கழித்து ஒன்றுசேர்கிறது. ஒருவன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறான். இன்னொருவன் புதுச்சேரியில். மஸ்கட்டில் இருப்பவன் ஜூன் கடைசியில் விடுப்பில் வருகிறான். அதை வைத்துத்தான் தேதி. நாங்கள் இங்கிருந்து குடும்பத்தோடு வேனில் போகிறோம். சனிக்கிழமை இரவு கடலூரில் தங்கல், ஞாயிறு முழுக்கக் கடற்கரை, இரவே கிளம்பிவிட வேண்டும், பிள்ளைகளுக்குத் திங்கள்கிழமை பள்ளிக்கூடம்.

வேனில் வருகிற பெரும்பாலானவர்கள் புதுச்சேரி என்கிறார்கள். எனக்கு வேறு ஆசை. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் பெரிய ஏரிக்குப் போகும் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தென்பெண்ணை கடலூரில்தான் கடலில் சேர்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. கடலூருக்கே போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்ப எனக்கு மனசில்லை. நாளில் எவ்வளவு நேரத்தை இதற்குக் கொடுக்கலாம், மிச்ச நேரத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று போய்வந்தவர்கள் சொல்லுங்கள். கூட வருபவர்களில் முழங்கால் வலிக்காரர்களும் உண்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு.

பாலக்கோடு மணி எழுதியது:

அண்ணா, ஆசை நியாயமானதுதான், ஆனால் கூட்டத்தோடு போகும்போது கூட்டத்தையும் பார்க்க வேண்டும். முகத்துவாரம் என்பது மணல்மேடும் முள்செடியும்தான். நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள். பெரியவர்கள் சமதரையில் நடக்கலாம், பிள்ளைகள் ஓடலாம். போகிற வழியில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மண்பாண்டங்கள் கிடைத்த இடம். கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள்தான். என் வாக்கு புதுச்சேரிக்கு.

ஊத்தங்கரை டீச்சர் எழுதியது:

மணி தம்பி, மணல்மேடும் முள்செடியும் என்று ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம்.

2024 டிசம்பர் முதல் தேதி ராத்திரியை ஊத்தங்கரையில் இருந்தவர்கள் மறக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோம், நமக்கென்ன என்று படுத்தோம். ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்து திருவண்ணாமலை சாலையில் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போயிற்று? பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு, அங்கிருந்து சாத்தனூர் அணைக்கு. சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அது விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களையும் கடலூரையும் மூழ்கடித்துக்கொண்டுதான் கடலுக்குப் போனது.

என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த தோழி கடலூரில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். நான் அவளுக்கு போன் போட்டு எங்கள் ஊர் நிலைமையைச் சொன்னேன். அடுத்த நாள் அவள் எனக்கு போன் போட்டு, "உங்க ஊர்த் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சுடி" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அழுதுகொண்டே இருந்தேன். வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தபோது முதலில் அவள் என்னை அழைத்துப் போனது முகத்துவாரத்துக்குத்தான். ஆறு வந்த வழி முழுக்க இருந்து அடித்துக்கொண்டு வந்த மரமும் மூங்கிலும் அங்கே கிடந்தன. எனக்கு அதைவிடப் பெரிய சுற்றுலா இடம் கிடையாது. நெடுங்கல் அண்ணா, நீங்கள் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

ஓசூர் பெண்ணையார் எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சேதி மட்டும். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, எங்கள் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாக நிற்கிற ஆறு இது. 400 கி.மீ.க்கு மேல் ஓடிக் கடலைத் தொடுகிறது. நுரையைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், கடைசியில் தண்ணீர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

தாழங்குடா மருமகள் எழுதியது:

வணக்கம். நான் பிறந்தது தருமபுரி பக்கம் இருமத்தூர். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் தென்பெண்ணை. வாக்கப்பட்டது கடலூர். அதனால் இரண்டு முனையும் எனக்குத் தெரியும், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முகத்துவாரம் தாழங்குடா என்ற மீனவர் ஊருக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் மாதம் போகிறீர்கள் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோடையில் ஆற்றில் வேகம் இருக்காது. கடல் அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டே வந்து வாயை அடைத்துவிடும். ஆறு ஒரு பக்கம் குளமாக நிற்கும், கடல் மறு பக்கம் இரையும், நடுவில் மணல் திட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் அது உடைந்து வழிவிடும். ஆறு கடலில் கலப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் தை மாதம்தான் சரி. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரக் கோயில் சாமிகள் எல்லாம் பெண்ணையாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். மணலில் கடை போட்டு சுருளிக்கிழங்கு விற்பார்கள். நம் பக்கம் ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தத்தில் கூடுவோமே, அதே ஆறுதான். அங்கே ஆடியில் வரவேற்கிறோம், இங்கே தையில் கொண்டாடுகிறார்கள்.

தேதியை மாற்ற முடியாது என்றால் ஜூனிலும் வாருங்கள். மணல் அடைத்த நேரத்திலும் அந்த இடம் நன்றாகத்தான் இருக்கும். விடிந்ததும் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் மணல் காலைச் சுட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. விடிவதற்கு முன்னால் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நீங்கள் வரும்போது தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருக்கும், மீன் வரத்து நன்றாக இருக்கும். மீனைக் கூறு கட்டி ஏலம் விடும் இடத்தில் பெண்கள்தான் ராஜ்ஜியம். வாங்குவதும் அவர்கள், விலை பேசுவதும் அவர்கள். பிள்ளைகளுக்கு வஞ்சிரம், சங்கரா, கிழங்கான், திருக்கை, சுறா எல்லாவற்றையும் முழு மீனாகப் பார்க்கக் கிடைக்கும். ஏலம் நடக்கும்போது குறுக்கே நின்று செல்ஃபி மட்டும் எடுக்க வேண்டாம். அது அவர்கள் அன்றைய பிழைப்பு.

பாலக்கோடு மணி எழுதியது:

மருமகள் அக்கா இவ்வளவு விவரம் தந்தபின் காலை நேரத்தை விட்டுக்கொடுக்கிறேன். சாயங்காலம் புதுச்சேரி என்பதில் மாற்றம் இல்லை.

குப்பநத்தம் ரோடு எழுதியது:

மணி, புதுச்சேரிக் கடற்கரை அழகுதான். ஆனால் கடலைப் பார்க்கலாம், மணலில் கால் வைப்பது கஷ்டம். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதைத் தடுத்ததும் வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்துபோய், பாறாங்கல்லைக் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்றினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபின் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் மணலில் புரண்டு விளையாட வேண்டுமென்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்தான். அகலமான மணல், கட்டணமில்லாத காற்று.

நெடுங்கல் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா, உங்கள் பதிவை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி இதுவரை புதுச்சேரிக் கட்சியில் இருந்தார், இப்போது முகத்துவாரம் என்கிறார். மஞ்சக்குப்பத்து நண்பன் வீட்டிலும் அந்த டிசம்பரில் தண்ணீர் ஏறியது. எங்களிடம் அவன் அதைப் பெரிதாகச் சொல்லவே இல்லை.

தேதி மாறாது. மஸ்கட்காரன் தை வரை இருக்க மாட்டான். எனக்கு ஆற்றைவிட அவன் முக்கியம். மணல் அடைத்திருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த கேள்வி பிச்சாவரம் அலையாத்திக் காடு. நண்பர்கள் வீட்டுப் பெண்கள் படகில் போக ஆசைப்படுகிறார்கள். காலையில் துறைமுகம், முகத்துவாரம், பிறகு பிச்சாவரம், சாயங்காலம் கடற்கரை. முடியுமா?

கிள்ளைப் பக்கம் எழுதியது:

சிதம்பரத்தில் படித்தவன், பிச்சாவரம் எனக்கு நன்றாகத் தெரியும். முடியும், ஆனால் மத்தியானம் வெயிலில் படகில் உட்கார வேண்டி வரும். ஜூனில் அது பெரியவர்களுக்கு வேதனை. கடலூரிலிருந்து பு.முட்லூர் வழியாகப் போக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்க ஒரு நேரம், படகில் ஒரு நேரம். அரை நாள் போய்விடும்.

போனால் துடுப்புப் படகு கேளுங்கள், மோட்டார் வேண்டாம். சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கும் குறுகிய ஓடைகளுக்குள் சின்னப் படகுதான் நுழையும். அந்த வேர்கள் காற்றுக்காக மேலே நிற்பவை. சேற்றுக்குள் ஆக்ஸிஜன் கிடையாது என்பதால் மரம் வெளியிலிருந்து மூச்சு வாங்குகிறது. தில்லை மரமும் இருக்கும். சிதம்பரம் கோயிலின் தலமரம் அதுதான். இலையைக் கிள்ள விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் காட்டை 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலுக்கு நேரே நின்ற ஊர்களுக்கு விழுந்த அடியை ஒப்பிட்டால், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பின்னால் ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். படகுக்காரர்களில் வயதானவர் கிடைத்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், பேசுவார்கள்.

என் யோசனை: பிச்சாவரத்துக்கு என்று மார்கழி, தையில் தனியாக ஒரு நாள் வாருங்கள். பறவைகளும் இருக்கும்.

அரூர் வரலாறு எழுதியது:

பரங்கிப்பேட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே! கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கடற்கரையோடு பழைய கணக்கு உண்டு. 1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி தன் படையைச் செங்கம் கணவாய் வழியாகத்தான் ஆற்காட்டு நவாபின் சமவெளிக்குள் இறக்கினார். நீங்கள் ஊத்தங்கரை தாண்டி, சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கத்துக்கு இறங்கும் அதே பாதை. அடுத்த வருஷம் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையோடு பெரிய சண்டை, ஹைதர் பின்வாங்கினார். அப்போது நம் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) ஹைதர் கையில் இருந்தது. 1792இல்தான் ஆங்கிலேயருக்குப் போயிற்று.

பரங்கிப்பேட்டை தூரம் என்றால், தேவனாம்பட்டினத்திலேயே கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். தாழங்குடா போகும் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஊரே இருக்கிறது, பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபின் சில வருஷம் கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துவிட்டார். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஆனால் போங்கள்.

தாழங்குடா மருமகள் எழுதியது:

கோட்டைக்குப் போகிற ஆர்வம் இருப்பவர்கள் கரையேறவிட்டகுப்பத்தையும் பாருங்கள். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் என்று எங்கள் மாமியார் சொல்லி, வீட்டுக்கு வருகிற எல்லோரையும் அங்கே அனுப்புவார். பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில். வெயில் நேரத்துக்குக் கோயில்தான் நிழல், ஆனால் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும்.

இப்போது முக்கியமானது. கடலில் இறங்குவது பற்றி.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அந்தத் தைரியத்தில் கடலுக்குள் போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் நம்மை இழுக்காது, கடல் இழுக்கும். அலைகள் கரையில் கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அங்கே சேர்ந்து உள்ளே வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் குளிக்க நல்ல இடம் என்று நம்புகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப்போவோம். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். முகத்துவாரத்தில் எந்த மாதத்திலும் இறங்கவே கூடாது. மணல் அடைத்த குளத்துப் பக்கமும் ஆழம் தெரியாது. எங்கள் ஊர் ஆட்கள் கை காட்டித் தடுத்தால் கேளுங்கள். அவர்கள் எத்தனையோ பேரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

அனுமன்தீர்த்தம் எழுதியது:

அக்கா சொன்னதை வேனில் ஏறும்போதே எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள் அண்ணா.

குப்பநத்தம் ரோடு எழுதியது:

வழி பற்றி: கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், பண்ருட்டி, கடலூர். 200 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். தருமபுரியிலிருந்து சேருகிறவர்கள் அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்கு வந்துவிடலாம். பௌர்ணமியா என்று காலண்டரைப் பாருங்கள். கிரிவல நாளில் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். திருக்கோவிலூரில் மறுபடி தென்பெண்ணை வரும், ஆற்றுக்குள் கபிலர் குன்று தெரியும். டீ அங்கே குடியுங்கள். பண்ருட்டியில் பலாவும் முந்திரியும்.

ஊத்தங்கரை டீச்சர் எழுதியது:

வெறுங்கையோடு போகாதீர்கள். கடற்கரை வீடுகளில் நம் மலைப் பக்கத்துப் புளிக்கு அவ்வளவு மரியாதை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் புளி, கொட்டை எடுத்தது, வீட்டுக்கு ஒரு பொட்டலம். மீன் குழம்புக்கு அதுதான் வேண்டும் என்று என் தோழி எப்போதும் கேட்பாள். ஜூன் கடைசி என்றால் மாம்பழமும் இருக்கும், நீலம் வர ஆரம்பித்திருக்கும். வேனில் கூடையை வெயில் படாத இடத்தில் வையுங்கள். திரும்பும்போது கருவாடு வாங்கினால் இரண்டு பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

நெடுங்கல் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

நண்பர்களோடு நேற்று இரவு பேசி முடிவு செய்துவிட்டோம்.

காலை ஐந்துக்கு முதுநகர் துறைமுகம். மஞ்சக்குப்பத்தான் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான், புளி அவன் வீட்டுக்கு ஏற்கனவே போயிருக்கும். மீதிப் பேர் அப்படியே தாழங்குடா. எட்டு மணிக்குள் அங்கிருந்து கிளம்பி, குண்டு உப்பலவாடிப் பலகை, கோட்டை, பிறகு திருப்பாதிரிப்புலியூர் கோயில். மத்தியானம் முழுக்க வீட்டில்தான். இந்த முடிவுக்காகத்தான் நான் அதிகம் வாதாடினேன். இவ்வளவு வருஷம் கழித்துச் சேருகிறோம், பகல் முழுவதும் வேன் ஜன்னல் வழியாக ஊர் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது பேசுவது? மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நடு வீட்டில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது மஸ்கட்காரனின் ஒரே வேண்டுகோள். நாலரைக்கு மேல் சில்வர் பீச். பிச்சாவரத்தை எடுத்துவிட்டோம். தையில் முடிந்தவர்கள் மட்டும் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய், மறுநாள் பிச்சாவரம் பார்ப்பதாகப் பேச்சு.

மணி தம்பி, புதுச்சேரி நண்பன் தன் குடும்பத்தோடு கடலூருக்கே வந்துவிடுகிறான். அதனால் அந்தப் பக்கம் போகும் வேலை இல்லை, வருத்தப்பட வேண்டாம்.

பெண்ணையார் சாருக்குத் தண்ணீரின் நிறத்தைக் கட்டாயம் படம் எடுத்துப் போடுகிறேன். கிருஷ்ணகிரி அணை, நெடுங்கல், இருமத்தூர், திருக்கோவிலூர், தாழங்குடா என்று ஐந்து இடத்திலும் படம் எடுக்க எண்ணம். இருமத்தூர் வழியில் இல்லை என்பதால் தருமபுரியிலிருந்து வரும் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

பாலக்கோடு மணி எழுதியது:

வருத்தம் இல்லை அண்ணா. வேனில் இடம் இருந்தால் நானும் அம்மாவும் வருகிறோம். அம்மா இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

நெடுங்கல் (காவேரிப்பட்டணம்) எழுதியது:

இடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அம்மாவுக்கு முன் சீட்.